காங்கேசன்துறைக் கிணற்றடியில் ஒரு வடக்குக் கோடு

இலங்கைப் புகையிரதப் பாதையின் வடகோடியிலே, இனிச் செல்ல நிலமில்லை என்று தண்டவாளம் நின்றுவிடும் இடமொன்று உண்டு. அதுதான் காங்கேசன்துறை. நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தாற் போதும், உப்புக் காற்று முகத்தில் வந்து மோதும். பாக்கு நீரிணை கண்முன்னே நீலப் பாயாய் விரியும். இரவு முழுவதும் வண்டியில் உட்கார்ந்து அலுத்து வந்தவர்களும் அந்தக் கடலைக் கண்டதும் அலுப்பை மறந்துவிடுவார்கள்.

காங்கேயன் என்பது முருகப்பெருமானின் திருநாமங்களுள் ஒன்று. மாவிட்டபுரம் கோயிலுக்குரிய கந்தசுவாமியின் திருவுருவம் கடல்வழியாக வந்து இறங்கிய துறையாதலால் இவ்வூருக்குக் காங்கேயன்துறை என்ற பெயர் வந்தது என்பது ஐதிகம். அதுவே நாளடைவில் காங்கேசன்துறை ஆயிற்று. 1893ஆம் ஆண்டில் இங்கே வெளிச்சவீடு எழுந்தது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடியது. 1905இல் அப்பாதை கொழும்புவரை இணைந்தது. 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. நிலத்தடியிற் கிடந்த சுண்ணக்கல் வீடாகவும் பாலமாகவும் நாடெங்கும் சென்றது.

ஆயினும் காங்கேசன்துறை என்றதும் எங்கள் குடும்பத்தவர்க்கு நினைவில் எழுவது கடலோசையுமன்று, ஆலைச் சங்குமன்று, ஆகாயவிமானமொன்றின் இரைச்சலே. அந்த விமானத்தை ஓட்டியவர் என் தாயாரின் இளைய சகோதரர். எங்களுக்கு அவர் சின்னமாமா.

துறைமுகத்துக்குக் கிழக்கே, தையிட்டிக்குப் போகும் வழியில் எங்கள் அம்மம்மாவின் வீடு இருந்தது. நாற்சார் வீடு, முற்றத்தில் வேம்பு, பின்வளவில் துலாக் கிணறு, அதற்கப்பால் செம்பாட்டு மண்ணில் புகையிலைத் தோட்டம். இரண்டாவது உலகமகாயுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படையினர் பலாலியில் விமானத் தளம் அமைத்தபோது சின்னமாமா பள்ளிச் சிறுவன். தோட்டங்களாய்க் கிடந்த நிலம் ஓடுபாதையாய் மாறியதை வேலி ஓரத்தில் நின்று வாய்பிளந்து பார்த்த சிறுவர்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மாமாவின் மனம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் விமான சேவை தொடங்கியது. ‘சீதாதேவி’ என்று பெயரிடப்பெற்ற டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. ஆம், அக்காலத்தில் பலாலி நிலையம் விமான நேரப் பட்டியலில் காங்கேசன்துறை என்றே வழங்கியது. அன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, நண்பர்களுடன் சைக்கிளில் அந்த விமானத்தைப் பார்க்கப் போனவர் மாமா. வயது 17. “முன்னம் சீதையைப் புட்பக விமானம் கடல் கடந்து கொண்டு வந்தது. இப்ப சீதையே விமானமாகிக் கடல் கடக்கிறாள்” என்று சொல்லிச் சிரிப்பார். சீதாதேவிக்கு விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று இரு சகோதரிகளும் இருந்தனர். மூன்றும் டக்கோட்டா விமானங்களே.

பின்னர் மாமா இரத்மலானையில் விமானம் ஓட்டப் பயின்று, அந்தச் சேவையிலேயே விமானியானார். ஊரில் அது பெரும் புதுமை. டாக்டரையும் அப்புக்காத்தையும் கிளாக்கரையும் அறிந்திருந்த ஊர், ஆகாயத்தில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளையை அறிந்ததில்லை. பெண் கொடுக்கச் சிலர் தயங்கினார்கள். அம்மம்மாவோ ஒவ்வொரு முறையும் படலைவரை வந்து, “தம்பி, மழைக்கோலமாக் கிடக்கு. இண்டைக்குப் பறக்கத்தான் வேணுமோ?” என்று கேட்பார். “மழை இல்லாத பக்கமாப் பாத்துப் போறன், அம்மா” என்று மாமா சொல்லிப் போவார்.

டக்கோட்டா விமானத்தைக் கண்டிராத இளைஞர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். வாலின் அடியிலே ஒரு சிறு சக்கரம் இருப்பதால் நிலத்தில் நிற்கும்போது அதன் மூக்கு வானத்தைப் பார்க்கும். பிரயாணிகள் மேட்டில் ஏறுவதுபோல ஏறி ஆசனத்தை அடையவேண்டும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இயந்திரங்கள். ஒவ்வொன்றும் 1,200 குதிரைவலு கொண்டது. மழைக்குள் நுழைந்தால் முன்கண்ணாடியின் விளிம்பால் நீர் கசிந்து விமானியின் மடியில் சொட்டும். அதற்காகவே மாமா எப்போதும் ஒரு துவாய் கொண்டு போவார். “வானத்தில் போனாலும் மழைக்கு ஒதுங்க இடமில்லை” என்பது அவர் வேடிக்கை.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது சிறுவர்களாகிய எங்களைக் கிணற்றடியில் கூட்டிவைத்துப் பாடம் நடத்துவார். ஒருமுறை கிணற்றுக் கட்டுக்குப் புதிதாகச் சீமெந்து பூசியிருந்தார்கள். ஈரம் காயுமுன் மாமா சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து வைத்து, ஓர் ஆணியால் நீளமாக ஒரு கோடு கீறி, அதன் நுனியில் அம்புக்குறியும் இட்டார். “புதுப்பூச்சைப் பழுதாக்கிப் போட்டான்” என்று அம்மம்மா ஏசியது இன்றும் காதில் ஒலிக்கிறது.

“இந்தக் கோட்டாலே வடக்கே நேரே போனால் எந்த ஊர் வரும்?” என்று மாமா கேட்டார். கடல் வரும் என்றோம். “கடலுக்கு அங்காலே?” எங்களுக்குத் தெரியவில்லை. “சென்னை. இதே கோட்டாலே பின்னுக்குப் போனால்? இரத்மலானை.”

வாசகர்கள் தேசப்படமொன்றை எடுத்துப் பார்த்தால் மாமா சொன்னதன் பொருள் விளங்கும். இரத்மலானை, பலாலி, மீனம்பாக்கம் ஆகிய மூன்று விமானத் தளங்களும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், கிழக்கு 80 பாகைக் கோட்டை ஒட்டியே அமைந்திருக்கின்றன. இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஏறக்குறைய 330 கிலோமீற்றர். பலாலியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஏறக்குறைய 355 கிலோமீற்றர். புகையிரதத்தில் வருபவனுக்குக் காங்கேசன்துறை பாதையின் முடிவு. விமானத்தில் வருபவனுக்கோ அது பாதையின் நடு. “நாங்கள் தொங்கலில் இருக்கிறம் எண்டு நினையாதையுங்கோ. நடுவிலை இருக்கிறம்” என்று மாமா சொன்ன அந்த ஒரு வார்த்தை, உலகப்படத்தில் எங்கள் ஊரையே இடம் மாற்றி வைத்துவிட்டது.

அந்தக் கோட்டின் வழியே என்னென்ன வரும் என்பதை ஊர்த்தெருவைச் சொல்வதுபோலச் சொல்வார். புத்தளம் களப்பு, பின் வில்பத்துக் காடும் அதனுள்ளே கண்ணாடித் துண்டுகள்போல் மின்னும் வில்லுகளும், மன்னார்ப் பெருநிலத்தில் கட்டுக்கரைக்குளம், பூநகரி, யாழ்ப்பாணக் கடனீரேரி, அதன்பின் செம்மண்ணும் பச்சையுமாகச் சதுரஞ் சதுரமாய்க் கிடக்கும் தோட்டங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு கிணறு, கண்போல மேலே பார்த்துக்கொண்டிருக்குமாம். காங்கேசன்துறையைத் தாண்டி ஆறாயிரம் அடி உயரத்தில் செல்லும்போது, வானம் தெளிவாயிருந்தால் பின்னே எங்கள் கரையும் முன்னே கோடிக்கரையும் ஒரே பார்வையில் தெரியும் என்பார். கீழே நின்று பார்ப்பவனுக்குக் கடல் பெரிது. மேலே நின்று பார்த்த மாமாவுக்கு அது ஓர் அகழி.

காற்றைப்பற்றி அவர் சொன்னதும் மறக்கக்கூடியதன்று. ஆங்கிலத்தில் ஆயிரம் பெயர் கற்றும், எங்களிடம் பேசும்போது கடற்றொழிலாளர் வழங்கும் பெயர்களையே சொல்வார்: சோளகம், வாடை, கொண்டல், கச்சான். விமானம் காற்றுக்கு முகங்கொடுத்தே எழவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். எதிர்க்காற்று இறக்கைக்குத் தாங்கு கொடுக்கும். நிலத்தில் ஓடவேண்டிய தூரமும் குறையும். பலாலி ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடப்பது இதனாலேதான். இரு பருவக்காற்றுகளும் வீசும் திசைகள் அவை. “பட்டம் ஏத்துறவனுக்குத் தெரிஞ்ச வித்தைதான்” என்று முடித்துவிடுவார்.

கண்டிப்பு மிகுந்தவர். அம்மம்மாவுக்கு ஓர் ஆசை இருந்தது. “எங்கட வீட்டுக்கு மேலால போகேக்க செட்டையை ஒருக்கா ஆட்டிக் காட்டன். நீதான் போறாய் எண்டு எனக்கு விளங்கும்” என்று ஒருநாள் கேட்டார். மாமா சிரிக்கவில்லை. “அம்மா, எனக்குப் பின்னாலை சனம் இருக்குது. அவையளும் ஒவ்வொரு அம்மா பெத்த பிள்ளையள்தானே” என்றார். அம்மம்மா பிறகு கேட்டதில்லை. ஆனால் விமான இரைச்சல் கேட்டால் அடுப்படியிலிருந்து முற்றத்துக்கு வந்து, புறங்கையால் வெயிலை மறைத்து, அது புள்ளியாய் மறையும்வரை நிற்பார்.

ஒரு மாரி காலத்தில் கலியாண வீட்டார் பலர் ஏறிய விமானத்தை மாமா ஓட்டி வந்தார். பலாலியை அடைந்தபோது ஓடுபாதையை மழை மூடியிருந்தது. இரண்டு முறை தாழ்ந்து வந்து பார்த்தார், பாதை தெரியவில்லை. மூன்றாம் முறை முயலாமல் இரத்மலானைக்கே திரும்பிவிட்டார். முகூர்த்தம் தவறிப்போயிற்று. “எங்கடை ஊர்ப் பெடியன் ஓட்டியும் இப்படிச் செய்துபோட்டானே” என்று அந்த வீட்டார் எங்களோடு நெடுநாள் பேசவில்லை. மாமா அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில ஆண்டுகளின் பின் அந்த மணமகன் தம் மூத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “இவனையும் உங்களுக்குக் காட்டவேணும் போல இருந்தது” என்றார். அவ்வளவுதான். அன்று மாமாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

1964இல் எயர் சிலோனுக்கு அவ்ரோ விமானம் வந்தது. மூக்கின் கீழே சக்கரம், மழை ஒழுகாத கண்ணாடி. மாமா அதனையும் பல்லாண்டு ஓட்டினார். 1979இல் எயர் சிலோன் கலைக்கப்பட்டு எயர் லங்கா தோன்றியபோது, அவர் ஓய்வுபெற்று அம்மம்மா விட்டுப்போன வீட்டுக்கே வந்து சேர்ந்தார். காலையில் கிணற்றில் இறைப்பு. மாலையில் துறைமுகத்து அலைத்தடுப்புவரை நடை. கையில் கடிகாரம் இருந்தும், வெயில் கிணற்றுக் கோட்டின்மேல் விழும் சாய்வைப் பார்த்தே மணி சொல்வார்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் யுத்தம் காங்கேசன்துறையின் வாசலுக்கு வந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் கையில் எடுத்ததோடு வெளியேறினார்கள். தண்டவாளம் மௌனித்தது, சீமெந்து ஆலை மூடப்பட்டது, ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. அறுபது வயது மாமா ஒரு பயணப்பை, வீட்டுத் திறப்பு, பழைய திசைகாட்டி ஆகிய மூன்றுடன் வெளியேறி, பல இடங்களில் தங்கி, கடைசியில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அங்கே அவர் முறைப்பட்டதில்லை. வானத்தில் இரைச்சல் கேட்டால் மட்டும் பலகணியில் போய் நின்று, “வடக்கே போகுது” என்பார். 1998 செப்டெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 உயிர்களோடு மன்னாரை அண்டிய கடலில் வீழ்ந்தது. தம் வாழ்நாளெல்லாம் மனிதர்களைப் பத்திரமாய்க் கொண்டுசென்ற அதே வழி. அன்றிரவு மாமா சாப்பிடவில்லை. விளக்கையும் போடவிடவில்லை.

2003ஆம் ஆண்டு நோயுற்றுக் கிடந்தபோது என்னை அழைத்து ஒரு சிறு தாளைத் தந்தார். மூன்று வரிகள்: வெளிச்சவீடு 310, சீமெந்து ஆலையின் உயர்ந்த கட்டடம் 272, மாவிட்டபுரக் கோபுரம் 228. எங்கள் கிணற்றடித் தண்ணீர்த் தொட்டியின்மேல் நின்று பார்த்தால் அவை தெரியும் பாகைகள். “வீடு நிக்குமோ தெரியாது. மதிலும் வேலியும் நிக்காது. குறிகள் நிக்கும். ரெண்டு கோடு இடத்தைக் காட்டும், மூண்டாவது, நாங்கள் பிழை விடேல்லை எண்டதைக் காட்டும்” என்றார். அந்த மாதமே காலமானார். ஊரை அவர் மறுபடி காணவில்லை.

யுத்தம் 2009இல் முடிந்தது. 2015 ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைவரை ஓடத் தொடங்கியது. காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. எங்கள் பகுதியும் திறந்ததென்று அறிந்து, 2019 டிசெம்பரில் என் பேரனை அழைத்துக்கொண்டு போனேன்.

சென்று பார்த்தால், ஊரென்று சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்கை எது, வளவு எது என்று தெரியாத பற்றைக்காடு. வேலிகள் போன இடத்தில் ஈச்சையும் நாயுண்ணியும். அங்கே நின்ற முதியவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தைக் காட்டி, இதுதான் உங்கள் வளவு என்றார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு பொருந்தவில்லை. என் நினைவும் எனக்கு உதவவில்லை. மரமும் வீடும் வேலியும் இருந்தால்தானே நினைவுக்குப் பிடிமானம்!

மாமாவின் தாளை எடுத்தேன். கூரையிழந்த ஒரு வீட்டின் எஞ்சிய மேல்தட்டில் ஏறினோம். வெளிச்சவீடு தெரிந்தது. பாழ்பட்ட சீமெந்து ஆலை தெரிந்தது. பேரன் தன் கைத்தொலைபேசியிலுள்ள திசைகாட்டியால் அளந்தான். வெளிச்சவீடு எட்டுப் பாகை தள்ளி நின்றது. அவன் ஒரு கடதாசியில் கோடிட்டுக் கணக்குப் பார்த்து, “இன்னும் நூற்றைம்பது யார் அந்தப் பக்கம் போகவேணும்” என்று கையை நீட்டினான். மூன்றாவது குறியாகிய கோபுரத்தைப் பற்றைக்காடு மறைத்திருந்தது. இரண்டு கோடுகளை நம்பியே நடந்தோம். கத்தியோடு முன்னே சென்ற உதவியாளர் ஓரிடத்தில் சட்டென்று நின்று, “கவனம்! கிணறு” என்றார்.

துலாவும் இல்லை, தொட்டியும் இல்லை. கட்டின் ஒரு பாதி இடிந்து உள்ளே விழுந்திருந்தது. மறுபாதியைப் படர்ந்திருந்த கொடியை விலக்கி, மண்ணைக் கையால் துடைத்தேன். விரலில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. அம்புக்குறியோடு கூடிய நீண்ட கோடு. நுனி கடலைப் பார்த்தபடி இருந்தது. பேரன் திசைகாட்டியை அதன்மேல் வைத்தான். “நேர் வடக்கு” என்றான். கோபுரம் காட்டாத மூன்றாவது குறியை அந்தக் கோடு காட்டிவிட்டது.

அவ்விடத்தில் நாங்கள் இருந்து, கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டோம். வாடை வீசிக்கொண்டிருந்தது. அப்பொழுது வடக்கிலிருந்து ஓர் இரைச்சல். பலாலி நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு 2019 ஒக்டோபர் 17இல் திறக்கப்பட்டு, நவம்பர் 11ஆந் திகதிமுதல் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானம் வரத் தொடங்கியிருந்தது. இறக்கைக்கு ஒன்றாகச் சுழலிகள் கொண்ட சிறிய விமானம். கடலைக் கடந்து எங்களை நோக்கி வந்தது. பலாலி கிழக்கே இருக்க, அது மேற்கே விலகிச் சென்றதைக் கண்டு பேரன், “ஏன் நேரே இறங்காமல் அங்காலே போகுது?” என்று கேட்டான்.

“வாடை அடிக்குதெல்லோ. சுத்திப் போய், காற்றுக்கு முகங்கொடுத்துத்தான் இறங்கும்” என்றேன். சொல்லி முடித்த பின்பே, அது என் குரலாயினும் என் வார்த்தையன்று என்பது தெரிந்தது.

நான் என்னையறியாமல் எழுந்து, புறங்கையால் வெயிலை மறைத்தபடி நின்றேன். விமானம் இறக்கையை ஆட்டவில்லை, ஆட்டக்கூடாது. அதன் உள்ளே இருந்தவர்களும் ஒவ்வொரு தாய் பெற்ற பிள்ளைகள் அல்லவா?

பெருந்தொற்றுக் காலத்தில் 2020இல் நின்ற அந்தச் சேவை, 2022 டிசெம்பரில் மறுபடி தொடங்கியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. நிற்பதும் தொடங்குவதும் அவ்வூரின் இயல்புபோலும்.

அவ்வழி செல்லும் அன்பர்கள் வெளிச்சவீட்டையும் கீரிமலைக் கேணியையும் மாவிட்டபுரத்துக் கந்தனையும் கண்டு வருக. மாணவர்கள் தேசப்படத்தில் கிழக்கு 80 பாகைக் கோட்டைத் தேடிப் பார்க்குக. புகையிரதத்தில் இறங்கியதும், தண்டவாளம் முடிகிறதே என்று ஒருகணம் தோன்றும். அப்பொழுது அண்ணாந்து வடக்கே பாருங்கள். அது தொங்கலன்று, நடு.

கிணற்றின் இடிந்த பாதியை நாங்கள் திருத்திக் கட்டிவிட்டோம். கோடு இருக்கும் பக்கத்தில் புதிய சீமெந்து பூசவேண்டாம் என்று மேசனிடம் சொன்னேன். ஏனென்று அவர் கேட்கவில்லை.